இரவில் உலவும் புழு

புதுச்சேரிப் பட்டினத்தின் வடபுறத்தில், கடற்கரையை ஒட்டிக் குருசுக்குப்பம் என்றொரு பகுதி இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்த இடம் அது. கிழக்கே கடல், கரையில் வரிசையாகக் கட்டுமரங்கள், மேற்கே ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். என் இளமைக் காலத்தில் அந்த வீடுகளுக்கிடையே கடலை நோக்கிச் சாக்கடைகள் ஓடின. ஓடின என்பது மரியாதைக்காகச் சொல்வது. பெரும்பாலான நாட்களில் அவை நின்றுகொண்டுதான் இருந்தன. அலைகள் மணலைக் கொணர்ந்து வாய்க்காலின் முகத்தை அடைத்துவிடும். கழிவுநீர் போக்கிடமின்றித் தேங்கிக் கறுத்துப் போகும். அந்திப் பொழுதில் எங்கள் பாட்டியார் வேப்பிலைப் புகை போடுவார். புகை கலைந்த கால்மணி நேரத்தில் காதருகே ரீங்காரம் தொடங்கிவிடும்.

1981-ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சியை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு மேல், கைவிளக்கும் மரப்பெட்டியும் ஏந்திய நால்வர் எங்கள் தெருவுக்குள் வந்தனர். ஒவ்வொருவர் விரல் நுனியிலும் ஊசியால் குத்திச் சில துளி இரத்தம் எடுக்க வேண்டும் என்றனர். எதிர்வீட்டு மீனவர் ஒருவர், விடியற்காலையில் கடலுக்குச் செல்ல வேண்டியவர், உறக்கம் கலைந்த சினத்தோடு வெளியே வந்தார். "பகல் பூராவும் கிடக்கும்போது ராத்திரியில வந்து ரத்தம் எடுக்குறது எந்த ஊரு வைத்தியம்?" என்று கேட்டார். பலர் கதவைச் சாத்திக்கொண்டனர். படித்தவன் என்று பெயரெடுத்த என்னிடம் சிலர் வந்து காரணம் கேட்டார்கள். எனக்கும் தெரியவில்லை.

மாணவர்களே, அந்த மீனவரின் கேள்வி மிக நல்ல கேள்வி. மருத்துவ உலகம் அதற்கு விடை காண்பதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த விடையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

நம் இரத்தத்தில் அயலார் குடிபுகுவது உண்டு. அவற்றுள் பெரும்புகழ் பெற்றது மலேரியாக் கிருமி. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை மருத்துவர் அல்ஃபோன்ஸ் லாவெரான் 1880-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் ஒரு போர்வீரரின் இரத்தத்தில் அதனைக் கண்டார். 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் ஒரு கொசுவின் வயிற்றுச் சுவரில் அதே கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். அந்தக் கிருமி சிவப்பணுவுக்குள் புகுந்து, தின்று, பெருகி, அணுவை வெடித்துக்கொண்டு வெளியேறும். அணுக்கள் கூட்டமாக வெடிக்கும் வேளையில்தான் குளிர்காய்ச்சல் நம்மை உலுக்குகிறது. நாளடைவில் இரத்தம் வெளுக்கிறது. ஒருவகை மலேரியா மூளையின் நுண்குழாய்களை அடைத்து உயிரையே கொண்டுபோகிறது. இவ்வளவுக்கும் தொற்றுள்ள ஒரு கொசுவின் ஒரே கடி போதும்.

குருசுக்குப்பத்தில் கைவிளக்குடன் வந்தவர்கள் தேடியது வேறொன்று. அது அணுவுக்குள் ஒளியும் உயிர் அன்று. தலையும் வாலும் உடைய உண்மையான புழு. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு. விஞ்ஞானிகள் இவ்வகைப் புழுக்களை ஃபைலேரியா என்பர். இலத்தீன் மொழியில் நூலிழையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கும் பிள்ளைகளுக்கு இது எளிதில் விளங்கும். பிரெஞ்சில் நூலுக்கு 'ஃபில்' என்றுதானே பெயர்? வளர்ந்த பெண்புழு நான்கு அங்குலம் வரை நீளும். பருமனோ நூலிழையைப் போல மெல்லியது. ஆண்புழு அதில் பாதி நீளமும் இராது. இவை வாழுமிடம் இரத்தம் அன்று, நிணநீர்க் குழாய்கள். இவற்றின் குஞ்சுகளே இரத்தத்தில் உலவுபவை. அக்குஞ்சு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த நீளமும், ஏறத்தாழ ஒரு சிவப்பணுவின் பருமனும் உடையது. ஒரு பெண்புழு நாள்தோறும் இத்தகைய நுண்புழுக்களை ஆயிரக்கணக்கில் ஈனுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை நாலு கண்டங்களில் நடந்தது. 1863-இல் பாரிஸ் நகரத்து அறுவை மருத்துவர் தெமார்க்கே, ஒரு நோயாளியின் விரைவீக்கத்திலிருந்து வடித்த நீரில் நுண்புழுக்களை முதன்முதலாகக் கண்டார். 1866-இல் பிரேசிலில் வுக்கரர் என்பவர் நோயாளியின் சிறுநீரில் கண்டார். 1872-இல் நமது கல்கத்தாவில் தீமொத்தி லூயிஸ் அவற்றை மனித இரத்தத்திலேயே கண்டு உலகுக்கு அறிவித்தார். 1876-இல் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் நகரத்து ஜோசப் பேங்கிராஃப்ட் தாய்ப்புழுவைக் கண்டார். வுக்கரர், பேங்கிராஃப்ட் இருவர் பெயரையும் சேர்த்து அப்புழுவுக்கு 'வுக்கரேரியா பேங்கிராஃப்டி' என்று பெயரிட்டார்கள். கல்கத்தாவில் உழைத்தவர் பெயர் ஏன் விட்டுப்போயிற்று என்று கேட்கத் தோன்றுகிறது; அது நிற்க.

புழு ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு எப்படிச் செல்கிறது? இங்கேதான் பாட்ரிக் மேன்சன் வருகிறார். சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணிபுரிந்த மருத்துவர். தம் தோட்டக்காரரின் இரத்தத்தில் நுண்புழுக்கள் இருப்பதை அறிந்து, அவரைக் கொசுக்கள் நிறைந்த அறையில் உறங்கச் செய்தார். இரத்தம் குடித்த கொசுக்களை நாள்தோறும் அறுத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றிலிருந்து புழு மார்புத் தசைக்குள் புகுந்து வளர்வதை 1877-இல் கண்டார். நோயைப் பூச்சி சுமக்கிறது என்பதற்குக் கிடைத்த முதற்சான்றுகளுள் அது தலையாயது. பின்னாளில் ராஸுக்கு வழிகாட்டியவரும் இவரே.

ஆனால் மேன்சன் ஒரு தவறு செய்தார். இரத்தம் குடித்த கொசு முட்டையிட்டவுடன் நீரில் விழுந்து மடிந்துவிடும், அந்நீரைப் பருகுவதால் மனிதனுக்குப் புழு வருகிறது என்று எண்ணினார். கொசு மீண்டும் கடிக்கும் அளவுக்கு வாழும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஜோசப் பேங்கிராஃப்டின் மகன் தாமஸ் ஆஸ்திரேலியாவிலிருந்து பதப்படுத்தி அனுப்பிய கொசுக்களை, ஜார்ஜ் லோ என்பவர் 1900-இல் இலண்டனில் மெல்லிய சீவல்களாக அறுத்து ஆராய்ந்தார். கொசுவின் உறிஞ்சுகுழலுக்குள் புழு வரிசை பிடித்து நிற்பதைக் கண்டார். நீரால் அன்று, கடியால் வருகிறது என்பது அதனால் தெளிவாயிற்று. ஒரு பேரறிஞரின் பிழை திருந்த இருபத்துமூன்று ஆண்டுகள்! பரீட்சையில் பிழை செய்யும் பிள்ளைகளை நான் அவ்வளவாகக் கடிந்துகொள்ளாததற்கு இந்தக் கதையும் ஒரு காரணம்.

இனி மீனவரின் கேள்விக்கு வருவோம். மேன்சன் தம் நோயாளிகளின் இரத்தத்தை இரவும் பகலும் மணிக்கு மணி சோதிக்கச் செய்தார். பகலில் ஒரு புழுவும் அகப்படாத இரத்தத்தில், இரவு ஏற ஏறப் புழுக்கள் பெருகின. இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடைப்பட்ட வேளையில் அவை உச்சத்தில் இருந்தன, விடிந்ததும் மறைந்தன. பகலில் அவை எங்கே போகின்றன? நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கியிருக்கின்றன. இரவில் தோலுக்கு அடியிலுள்ள குழாய்களுக்கு வருகின்றன. ஏன்? நம் ஊர்ச் சாக்கடையில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசு இரவில்தான் கடிக்க வருகிறது. வண்டி வரும் நேரம் அறிந்து நிலையத்துக்கு வரும் பயணியைப் போல இப்புழு நடந்துகொள்கிறது. பசிபிக் தீவுகள் சிலவற்றில் இதே இனத்துப் புழுவைப் பகலில் கடிக்கும் கொசுக்கள் சுமக்கின்றன. அங்கே புழுக்கள் பகலிலும் இரத்தத்தில் உலவுகின்றன. 1881-இல் இலண்டனில் ஸ்டீபன் மெக்கன்சி என்ற மருத்துவர் ஒரு நோயாளியைப் பகலில் உறங்கவும் இரவில் விழித்திருக்கவும் செய்தார். சில நாட்களில் புழுக்களும் தம் நேரத்தை மாற்றிக்கொண்டன! புழுவுக்குக் கடிகாரம் சூரியன் அன்று, நமது உறக்கமே என்பது இதனால் விளங்கும்.

ஆகவே பகலில் எடுத்த இரத்தத்தில் புழு இல்லை என்றால் மனிதனிடம் புழு இல்லை என்று பொருளன்று. இரவில் எடுத்த துளியைக் கண்ணாடித் துண்டில் தடிப்பாகப் பூசி, உலர்த்தி, நீரில் நனைத்துச் செந்நிறத்தைப் போக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், நெளிந்து கிடக்கும் ஊதா நிற இழைகள் புலப்படும். அவ்விரவுக்குச் சில நாட்கள் கழித்து எனக்கு ஒரு கண்ணாடித் துண்டைக் காட்டினார்கள். அதில் மூன்று இழைகள் இருந்தன. யாருடைய இரத்தம் என்று கேட்டேன். சொல்ல மாட்டோம் என்றார்கள். அது நல்ல முறைதான். ஆயினும் அன்றிரவு நானும் விரல் நீட்டியிருந்தேன் அல்லவா? எனக்கு உறக்கம் வரவில்லை.

கொசு குடித்த நுண்புழு அதனுள் பத்து முதல் பதினான்கு நாட்களில் மூன்று பருவங்களைக் கடக்கும். அடுத்த கடியின்போது தோலின்மேல் இறங்கி, கடிவாய் வழியாக உட்புகும். நிணநீர்க் குழாயை அடைந்து முழுவளர்ச்சி பெற ஓராண்டு வரை செல்லும். ஒன்றைக் கவனியுங்கள்: மலேரியாக் கிருமியைப் போல இது கொசுவினுள்ளோ, நம் உடலிலோ தன்னைத் தானே பெருக்கிக்கொள்வதில்லை. உட்புகுந்த ஒரு புழு ஒரு புழுவாகவே வளரும். ஆணும் பெண்ணும் ஓரிடத்தில் கூடினால்தான் குஞ்சுகள். ஆகையால் ஓரிரு கடிகளால் இந்நோய் வருவது அரிது. ஆண்டுக்கணக்கில், ஆயிரக்கணக்கான கடிகள் படும் ஊரில்தான் இது வேரூன்றும். கொசு மலிந்த ஏழைத் தெருவின் நோய் என்று இதைச் சொல்வது இதனால்தான்.

நம் உடலில் வடிகால் ஏற்பாடு ஒன்று உண்டு. இரத்தக் குழாய்களிலிருந்து கசியும் நீரைத் திரட்டி, மீண்டும் இரத்தத்தில் கொண்டுசேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. நீர் பின்னோக்கி வராதபடி அவற்றுள் சிறுசிறு கதவுகள் உண்டு. புழுக்கள் குடியேறியதும் குழாய் விரிந்து தளர்கிறது. கதவுகள் பயனற்றுப் போகின்றன. எங்கள் ஊர் வாய்க்காலைப் போலவே நீர் தேங்குகிறது. கால் வீங்குகிறது. ஆண்களுக்கு விரைவீக்கம் உண்டாகிறது. சிலருக்குச் சிறுநீர் பால்போல் வெளுக்கிறது. வேறு சிலருக்கு நுண்புழுக்களை எதிர்த்து நுரையீரல் கொந்தளித்து, இரவெல்லாம் இருமலும் இழுப்பும் வருகின்றன. இன்னும் பலருக்கோ ஒன்றுமே தெரிவதில்லை; ஆனால் அவர்கள் இரத்தத்திலிருந்து கொசுக்கள் புழுவை எடுத்துச் சென்றுகொண்டேயிருக்கும்.

வீங்கிய கால் எல்லாவற்றிலும் கொடியது சுரம். நெறி கட்டி, கால் சிவந்து, நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். இதைப் புழுவின் சீற்றம் என்று நெடுங்காலம் எண்ணினர். பெரும்பாலும் அவ்வாறன்று என்பது பின்னரே தெளிந்தது. நீர் தேங்கிய காலின் விரலிடுக்கில் ஏற்படும் புண் அல்லது வெடிப்பின் வழியாகச் சாதாரணக் கிருமிகள் நுழைவதே காரணம். ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னும் தோல் தடித்து, வீக்கம் ஒரு படி ஏறும். யானையின் காலைப் போல ஆக்குவது இந்தச் சுரங்களே.

என் பெரியம்மாவுக்கு, அதாவது என் தாயாரின் தமக்கைக்கு, இடக்காலில் இந்நோய் இருந்தது. நான் அறிந்த நாள்முதல் அவர் புடவையைத் தரையில் புரளும்படிதான் உடுத்துவார். அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். காபி கொடுத்து, பேச்சு முடிந்து, தட்டு மாற்றும் நாளையும் குறித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் வேறு பேச்சு வந்தது. திண்ணையிலிருந்து எழும்போது பெரியம்மாவின் பாதம் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டதாம். "தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும்" என்றார்களாம். அன்றுமுதல் விருந்தினர் வந்தால் பெரியம்மா அடுக்களையை விட்டு வெளியே வருவதில்லை. மாசிமகத்தன்று பல ஊர்ச் சுவாமிகளும் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார்கள். ஊரே திரண்டு போகும். அவர் மட்டும் வீட்டுக்குக் காவல்.

இது பரம்பரை நோய் என்ற எண்ணம் பழையது, பரவலானது. பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் ஒரு கதையை எழுதி வைத்தார். மயிலாப்பூரில் புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்கள் சாபத்தால் வீங்கிய காலோடு பிறக்கிறார்கள் என்பது அக்கதை. ஐரோப்பியர் இந்நோயைத் 'தோமையார் கால்' என்று அழைத்ததும் உண்டு. யாரோ செய்த பாவத்தைக் கொசுக்கடி பட்டவர் தலையில் சுமத்திய கதை! இரத்தத்தில் உள்ள புழு தாயிடமிருந்து மகளுக்குப் பரம்பரையாக இறங்குவதில்லை. ஒரே வீட்டில் இருவருக்கு நோய் வந்தால், இருவரையும் ஒரே சாக்கடைக் கொசுக்கள் கடித்தன என்பதே பொருள். பெண் பார்க்க வந்தவர்கள் வீடும் அதே வாய்க்காலின் மறுகரையில்தான் இருந்தது.

இனி நம் ஊரில் நடந்த பணியைச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-இல் புதுச்சேரியில் நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை நிறுவியது. டாக்டர் பி. கே. ராஜகோபாலன் தலைமையில் அம்மையம் 1981 முதல் 1985 வரை நகர் முழுதும் ஒரு பெருஞ்சோதனை நடத்தியது. மருந்தடிப்பதை மட்டும் நம்பாமல், கொசு பிறக்கும் இடத்தையே ஒழிப்பது அதன் நோக்கம். பள்ளங்களைத் தூர்த்தார்கள், வாய்க்கால்களைச் சீர்செய்து நீரை ஓடவிட்டார்கள், ஏற்ற இடங்களில் கொசுப்புழுவைத் தின்னும் மீன்களை விட்டார்கள். முட்டையிலிருந்து கொசு பறப்பதற்கு நம் வெப்பநாட்டில் ஒரு வாரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆதலால் வாரம் ஒருமுறை ஓடிவிடும் சாக்கடையில் கொசு பிறப்பதற்கில்லை. தொடக்கத்தில் புதுச்சேரியில் ஒரு மனிதனுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 26,000 கொசுக்கடிகள் என்று அவர்கள் கணக்கிட்டனர். ஓர் இரவுக்கு எழுபதுக்கு மேல்! 1985-இல் அது சுமார் 3,600 ஆகக் குறைந்தது. ஓர் இரவுக்குப் பத்து. பத்துக் கடியும் இன்பமானதன்று. ஆனால் ஆயிரக்கணக்கில் கடி தேவைப்படும் புழுவுக்கு அது பெருநட்டம்.

கொசுவை மட்டும் அடக்கினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. தாய்ப்புழு நம் உடலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் குஞ்சு ஈனும். பத்து ஆண்டு என்று கணித்தவரும் உண்டு. அதுவரை கொசுவை அடக்கிவைத்து ஓரிரு ஆண்டு ஓய்ந்துவிட்டால் பழைய கதை திரும்பும். எனவே இரத்தத்திலுள்ள புழுக்களையும் ஒழிக்க வேண்டும். அதற்கு 1947 முதல் டைஎத்தில்கார்பமசைன் என்ற மருந்து இருக்கிறது, சுருக்கமாக டி.இ.சி. என்பார்கள். நோயில்லாதவர் மாத்திரை விழுங்க மறுத்ததால், 1980-களில் காரைக்காலில் அம்மருந்தை உப்பில் கலந்தே வழங்கிப் பார்த்தார்கள். பின்னர் ஆண்டுக்கு ஒரே வேளை, ஊர் முழுவதும் ஒருசேர விழுங்கும் முறை வந்தது. கடலூர் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய அம்முறை 2004-இல் நாடு தழுவியதாயிற்று. அல்பெண்டசோல் மாத்திரையும் பிறகு சேர்ந்தது. 2018 முதல் சில மாவட்டங்களில் ஐவர்மெக்டினும் சேர்ந்து மூன்றாயிற்று. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்றோர், கடும் நோயுற்றோர் ஆகியோருக்கு இம்மாத்திரைகள் கொடுப்பதில்லை. புழு உள்ளவர் விழுங்கினால் சிலருக்குத் தலைவலியும் இலேசான காய்ச்சலும் வரும். அது மருந்தின் நஞ்சன்று. புழுக்கள் மடிவதன் அறிகுறி.

அந்த 2004-இல் நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியர். மாத்திரையின் பயனைப் பற்றி இறைவணக்கக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினேன். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகள் விழுங்கினார்கள். எனக்குரிய மாத்திரைகளை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எனக்குத்தான் ஒன்றுமில்லையே என்ற நினைப்பு. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, சுண்டுவிரல் அளவே இருந்த பெண், நேரே வந்து, "சார், நீங்க முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டாள். பொய் சொல்ல வாயெடுத்தேன். பையில் தாள் சரசரத்தது. அவள் தன் தண்ணீர்ப் புட்டியைத் திறந்து நீட்டினாள். அன்று மாலை எனக்குத் தலைவலியும் காய்ச்சலும் கண்டன. அது புழுவால் வந்ததோ, வெட்கத்தால் வந்ததோ, நான் சோதித்துப் பார்க்கவில்லை.

அண்டை நாடான இலங்கை 2016-இல் இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஆனால் ஏற்கெனவே வீங்கிவிட்ட காலை எந்த மாத்திரையும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. விரைவீக்கத்துக்கு அறுவை மருத்துவம் உண்டு. காலுக்கு உள்ளது சோப்பும் நீரும்தான். நாளுக்கு இருவேளை காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, வெடிப்பு இருந்தால் களிம்பிட்டு, உட்காரும்போதும் படுக்கும்போதும் காலை உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்து, செருப்பின்றி நடவாமல் இருந்தால் சுரம் வருவது பெரிதும் குறையும். சுரம் குறைந்தால் வீக்கம் ஏறுவது நிற்கும். சற்று வடிவதும் உண்டு.

இதைப் பெரியம்மாவுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு செவிலியர் சில வாரம் வீட்டுக்கு வந்தார். "நாற்பது வருஷமாய்த் தைலம் தேய்த்துப் போகாதது சோப்பிலா போகும்?" என்று பெரியம்மா சிரித்தார். ஆனாலும் செய்தார். இரவு உணவுக்குப் பின் பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரல் விரலாகத் துடைப்பார். மாதம் ஒருமுறை வந்த சுரம் அந்த ஆண்டு முழுவதிலும் இரண்டே முறை வந்தது. அடுத்த மாசிமகத்தன்று காலை, பெரிய அளவில் வெட்டித் தைத்த தோற்செருப்பை மாட்டிக்கொண்டு, வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு, வைத்திக்குப்பத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.